எழுபத்தொரு கிலோ

விஜயரங்கனை அவருடைய கார் பவுண்டரி நாலு ரோட்டில் விட்டுவிட்டுப் போனபோது காலை மணி ஒன்பது ஐம்பது. வெள்ளிக்கிழமை, நல்ல நேரம், நான்கு சக்கரங்களுக்கும் கீழே வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. கார் போய்விட்டது. அவர் போகவில்லை. ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சீட் எங்கே இருந்ததோ அதே இடத்தில், முதுகை லேசாகச் சாய்த்து, கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, வலது பாதத்தால் இல்லாத ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டபடி அவர் காற்றில் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த சீட் பெல்ட், போட்டது போட்டபடியே, காரோடு போயிருந்தது.

நாற்பது பேர் பார்த்தார்கள். பூஜைத் தட்டோடு நின்ற குருக்கள், இனி அதை யாரிடம் நீட்டுவது என்று யோசித்தார். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அருகே வந்தார்.

"சார், நடு ரோட்டுல உக்காரக் கூடாதுங்க."

"நான் உக்காரலை," என்றார் விஜயரங்கன், முன்னால் பார்த்தபடியே. "ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

அந்தக் காரைக் கட்டிய சகாயமேரி எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். அவள் விஜயரங்கனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாத கார் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறியது, ஒரு தயக்கம் இல்லை, ஒரு தட்டல் இல்லை. 'நல்லாப் பண்ணியிருக்கேன்' என்று நினைத்தாள். பிறகுதான் கண்ணைத் திறந்து, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

பம்ப்செட்டும் கிரைண்டரும் வார்ப்படமும் செய்து பிழைக்கிற நகரம் அது. விஜயரங்கனின் தாத்தா பம்ப்செட் செய்தார். அப்பா அதே பம்ப்செட்டைச் செய்தார். விஜயரங்கன் அந்தப் பம்ப்செட்டுக்குப் பெயின்ட் நிறத்தை மாற்றியவர். தொழிலதிபர் சங்கத்தில் ஒருவர் தன் வீட்டு வரவேற்பறைக்குள் நீர்வீழ்ச்சி கட்டிவிட்டார் என்று தெரிந்த வாரம், தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று விஜயரங்கனுக்குத் தோன்றியது. அப்படித் தேடிப் பிடித்ததுதான் அந்தக் கார். 1969-ல் அமெரிக்காவில் செய்தது. நீண்ட மூக்கு, அகன்ற தோள், இரண்டே கதவு. கப்பலில் வந்து இறங்கி, ஏதோ ஒரு மில் முதலாளியைச் சுமந்து, அவர் காலம் முடிந்தபின் ஒரு தகர ஷெட்டில் முப்பது வருடம் கோழிகளுக்கு வீடாக இருந்தது.

இந்த ஜாதிக் கார்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு வேலைதான் தெரியும். நேராக ஓடும், பயங்கரமாக ஓடும். வளைவு வந்தால் முழிக்கும், பிரேக் போட்டால் யோசித்துவிட்டு நிற்கும். ஓடுவதற்கு எஞ்சின் போதும், திரும்புவதற்கும் நிற்பதற்கும்தான் மூளை வேண்டும் என்பது சகாயமேரியின் கட்சி. இரண்டு வருடம் அந்தக் காருக்கு அவள் மூளை வைத்தாள். உடம்பு பழையது, மற்றதெல்லாம் புதிது. அறுநூறு குதிரைச் சக்தி எஞ்சின், ஆறு கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், திருகினால் உயரம் மாறும் ஸ்பிரிங்குகள், கூரை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு. முப்பத்து நான்கு வருடமாக அவள் வண்டிகளுக்கு செட்டிங் செய்கிறாள். பந்தயக் கார்கள், பணக்காரர்களின் கார்கள், பணக்காரர்களின் பிள்ளைகள் மரத்தில் மோதிய கார்கள். அத்தனையிலும் பாதியில் யாராவது வந்து, 'அது வேண்டாம், இது போதும்' என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசி ஆணி வரை அவள் நினைத்தபடி வந்தது இது ஒன்றுதான்.

கடைசி ஆணிக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. எடை போடுவது.

வேகமாக ஓட வேண்டிய காரை எடை போடுவது இப்படித்தான். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுத் தட்டுகள். ஓட்டப்போகிறவர் சீட்டில் உட்கார வேண்டும், ஏனென்றால் கார் அவரைத்தான் சுமக்கப்போகிறது. எந்த மூலையில் பாரம் கூடுகிறது என்று பார்த்து, அந்த மூலை ஸ்பிரிங்கைக் கொஞ்சம் திருகி, மறுபடி பார்த்து, மறுபடி திருகி, நான்கும் ஒத்துப்போகும்வரை அவர் அசையாமல் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் ஆகும். அதன்பின் அந்தக் கார் அந்த ஆளுக்குத் தைத்த சட்டை.

விஜயரங்கன் வந்தார். தட்டுகளைப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் எண் காட்டும் பெட்டியைப் பார்த்தார்.

"அதுல என்னோட வெயிட்டும் தெரியுமா?"

"தெரியுங்க சார். காரோட எடையைக் கழிச்சா உங்க எடை."

பட்டறையில் அப்போது நான்கு பேர் நின்றிருந்தார்கள். விஜயரங்கன் கைப்பேசியை எடுத்து, அதில் எதுவும் வராததைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"எனக்கு மீட்டிங் இருக்கு. சுப்புராயனை உக்கார வை. நானும் அவனும் ஒரே வெயிட்தான்."

சுப்புராயன் அவருடைய டிரைவர். பத்தொன்பது வருடமாக அவருடைய மற்ற கார்களை ஓட்டுகிறவர். தராசில் ஏறினார், சாவிக்கொத்தோடு சேர்த்து எழுபத்தொரு கிலோ. விஜயரங்கனின் இடுப்புப் பெல்ட்டில் சுப்புராயனுக்கு ஒரு பெல்ட்டும் ஒரு ஜோடி வார்ச் செருப்பும் தைக்கலாம். சகாயமேரி இருவரையும் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். 'இப்பேர்ப்பட்ட ஆளுக்கு என்னத்தைச் சொல்வது' என்று விட்டுவிட்டாள். நோட்டை எடுத்து, 'ஓட்டுநர்: விஜயரங்கன், 71' என்று எழுதினாள். அந்த நோட்டில் தெரிந்தே அவள் எழுதிய ஒரே தப்பு எண் அது.

சுப்புராயன் நான்கு மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

"கால் மரத்துப்போச்சாங்கண்ணா?" என்று சகாயமேரி கேட்டாள்.

"இல்லீங்க்கா. பத்தொம்பது வருஷமா ஓட்டறேன். சும்மா உக்காந்திருன்னு சொல்லிச் சம்பளம் குடுத்தது இன்னைக்குத்தான்."

ஆகவே, கார் போன கால் மணி நேரத்தில், பூஜைக்கு உடைத்த தேங்காய் மூடியோடு ரோட்டோரம் நின்ற சுப்புராயனுக்கு அவர் மனைவியிடமிருந்து போன் வந்தபோது, சகாயமேரிக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை.

"ஏனுங்க, உங்க மொதலாளி காரு நம்ம வாசல்ல நிக்குது. குடத்தைத் தூக்கிட்டு உள்ள போக வழியில்ல. கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க."

ஆட்டோ நுழைந்தாலே இரண்டு பக்கமும் உரசுகிற சந்து அது. அந்த அகன்ற தோள் கார் எந்தச் சுவரிலும் படாமல் நுழைந்து, சுப்புராயன் வீட்டுப் படிக்கு ஒரு முழம் தள்ளி, எஞ்சினை அணைத்துக்கொண்டு நின்றிருந்தது. வேறு யார் சாவி போட்டாலும் பேசவில்லை. சுப்புராயன் உட்கார்ந்ததும் ஸ்டார்ட் ஆனது. அவர் அதை நாலு ரோட்டுக்கு ஓட்டி வந்தார். விஜயரங்கன் இருந்த இடத்துக்கு ஒரு கை நீளம் முன்னால் அது நின்றுவிட்டது. வலதுபுறமிருந்து வந்தாலும், ரிவர்ஸில் வந்தாலும், பத்துப் பேர் தள்ளினாலும் அதே ஒரு கை நீளம். விஜயரங்கனை இழுத்துப் பார்த்தார்கள். விளக்குக் கம்பத்தை இழுப்பது போல இருந்தது.

சகாயமேரி அவர் முன்னால் போய்க் குனிந்தாள்.

"சார், கார் சுப்புராயண்ணனுக்கு செட் ஆகியிருக்கு. உங்க சரியான எடையைச் சொன்னீங்கன்னா ஸ்பிரிங்கை மாத்திடுவேன். அது உங்ககிட்ட வந்துடும், நீங்களும் எறங்கிடலாம்."

"சொன்னேன்ல. எழுபத்தொண்ணு."

"சார்."

"ஏம்மா மேரி, தப்பு பண்ணது உன் கார். என்னை எடை போடச் சொல்றியா?" அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அதுவும் காரோடு போகாமல் அவரோடு தங்கியிருந்தது. பழைய இரும்புக் கடை ஒன்றைக் கூப்பிட்டார். காரை அமுக்கிச் சப்பாத்திக் கல் கனத்துக்குத் தகரமாக்குகிற பிரஸ் அங்கே இருந்தது. "நாளைக்கே வண்டி அனுப்புங்க," என்றார்.

அவர் மனைவி சுகந்தி நல்லவேளையாக அங்கே இருந்தார். "ஆயுத பூஜைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்குதுங்க. பூஜை முடியறதுக்குள்ள இரும்பை ஒடைச்சா பேக்டரிக்கு ஆகாது," என்றார். பேக்டரிக்கு ஆகாது என்றால் விஜயரங்கன் கேட்பார். பூஜைக்கு மறுநாள் லாரி வரும் என்று முடிவானது. அதுவரை கார் சுப்புராயன் வாசலில் நிற்கலாம்.

சகாயமேரிக்குக் கிடைத்தது மூன்று வாரம். ஒரு மனிதர் ஒரு எண்ணை வாயைத் திறந்து சொன்னால் போதும், கார் பிழைக்கும். அந்த எண் அவர் பெல்ட்டுக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிறபடி வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் சொல்லமாட்டார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், பள்ளம் தோண்டி மூடாமல் விட்ட ரோட்டை எடுத்துக்கொள்வது போலத்தான். முதல் நாள் வண்டிகள் நின்று பார்த்தன. இரண்டாம் நாள் மெதுவாகப் போயின. மூன்றாம் நாள் ஹாரன் அடித்தன. நான்காம் நாள் ஒரு பொறியாளர் வந்து அளந்து, விஜயரங்கனின் ஷூவின் அடியிலும் முதுகிலும் இருட்டில் மின்னுகிற ஒட்டுப்பட்டை ஒட்டி, சுற்றிலும் வெள்ளை வட்டம் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள், "சாருக்கு லெப்ட்ல திரும்புங்க" என்று ஆட்டோக்காரர்கள் வழி சொல்லத் தொடங்கினார்கள். காவலருக்கும் அவர் பிடித்துப்போனார். நடுவில் அசையாமல் ஒருவர் முறைத்துக்கொண்டிருந்ததால் யாரும் சிக்னலை மீறவில்லை. மற்றத் தேவைகளுக்குக் காலையும் மாலையும் நான்கு பக்கமும் திரை பிடித்தார்கள். போன பிறந்தநாளுக்கு அவரே அடித்த பிளக்ஸ் பேனர்தான் திரை. அதில் அவர் இரண்டு கையாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், பெரிய குடையோடும் மடக்கு நாற்காலிகளோடும். முதலில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தவர்கள், அவரைச் சுற்றி உட்கார்ந்தபின், தாங்கள் நாற்காலியில் இருக்கிறோம், அவர் இல்லை என்பதைக் கவனித்தார்கள். அவர்களில் பலருக்கு யோகா தெரியும், அதாவது யோகா வகுப்புக்குப் பணம் கட்டத் தெரியும். பத்து வருடம் போயும் ஒருவரும் தரையை விட்டு ஒரு அங்குலம் எழும்பவில்லை.

"எப்படி விஜி, முதுகு வலிக்கலையா?"

"பழகிடுச்சு," என்றார் விஜயரங்கன். அன்றுதான் அவர் இல்லாத ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது அவருக்கு நன்றாக இருந்தது. "எல்லாம் கன்ட்ரோல்தான். மனசுல பாரம் இருக்கறவனால முடியாது."

வரவேற்பறையில் நீர்வீழ்ச்சி வைத்திருந்தவர் அன்று இரவு சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். மாதக் கூட்டம் நாலு ரோட்டுக்கே மாற்றப்பட்டது. 'பாரமற்ற தலைமை' என்று விஜயரங்கன் பேசினார். எடுத்துக்கொண்ட படங்களில் அவருக்குக் கீழே சாலை தெரிகிற மாதிரி எல்லோரும் குனிந்து எடுத்தார்கள். இரண்டாம் வாரம் சங்கத்துக்காரர்கள் நான்கு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், நான்கு நாளில் சகாயமேரியின் பட்டறைக்கு வந்தார்கள். நான்கு பேரும் ஏதாவது ஒரு பழைய கார் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். நான்கு பேரும் கேட்டது ஒன்றுதான்.

"விஜிக்குப் பண்ணினீங்களே, அதே செட்டிங். ஆனா கொஞ்சம் உயரமா."

"காருக்கு உங்களைப் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"ஆமா."

"அதுக்கு செட்டிங் எதுவும் தேவையில்லீங்க," என்று நான்கு பேரையும் ஒரே வார்த்தையில் அனுப்பினாள். நான்கு பேரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆயுத பூஜைக்கு முன்தினம் அவள் சுப்புராயன் சந்துக்குப் போனாள். வாசலில் காரின் நீண்ட மூக்கின் மேல் சுப்புராயன் மனைவி வடகம் காயவைத்திருந்தாள். கார் ஆடாமல் நின்றது.

"நாளன்னிக்கு லாரி வருமாம்," என்றார் சுப்புராயன். "நான் ஓட்டிக்கிட்டு எங்கியாச்சும் போயிடட்டுமாங்க்கா?"

"போனா திருட்டு கேஸ் போடுவார். ஆர்.சி. புக் அவர் பேர்ல இருக்கு."

"அதுவும் சரிதான். பெட்ரோலுக்கே என் சம்பளம் காணாது." அவர் காரின் தோளில் ஒட்டியிருந்த ஒரு வடகத்தை விரலால் நகர்த்தினார். "வெயிட்டைச் சொல்றதுல அவருக்கு என்னங்க்கா கஷ்டம்?"

சகாயமேரி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். நான்கு சக்கரமும் அவள் வைத்த இடத்தில், அவள் வைத்த கோணத்தில் இருந்தன. பட்டறையில் நான்கு பேர் நின்றிருந்த அந்தக் காலையில், 'சார், நீங்க உக்காந்தாதான் ஆச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கார் இப்படி வாசலில் வடகத்தோடு சாவுக்குக் காத்துக்கொண்டிருக்காது. விஜயரங்கனை அவள் மதிக்கவில்லை. மதிக்காத ஆளுக்காகத் தன் நோட்டைப் பொய்யாக்கியிருந்தாள். அது அவளுக்குக் கசந்தது.

"நாளைக்கு அவரையே எடை போட்டுர்றேன்," என்றாள்.

ஆயுத பூஜையன்று நாலு ரோட்டில் எல்லா வண்டிக்கும் சந்தனம், எல்லாக் கடைக்கும் வாழைக்கன்று. விஜயரங்கனுக்கும் யாரோ மாலை போட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் பட்டு வேட்டியில் நின்றார்கள். சுப்புராயன் காரைக் கழுவி, பொட்டு வைத்து, ஓட்டிவந்து அந்த ஒரு கை நீளத்தில் நிறுத்தியிருந்தார். சகாயமேரி நான்கு தராசுத் தட்டுகளையும் விஜயரங்கனைச் சுற்றி நான்கு மூலையில் வைத்தாள். அவற்றின் மேல் நாலுக்கு ஆறு பலகை, நீட்டிய கால்களும் உள்ளே அடங்குகிற அளவு. பலகை மேல், அவருக்கு நேர் கீழே, ஒரு குட்டை முக்காலி. முக்காலிக்கும் அவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. பலகையையும் முக்காலியையும் கழித்து எண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்தினாள். உள்ளங்கை அகலச் சிவப்பு எழுத்து, ரோட்டைப் பார்த்து.

"என்னம்மா இது?"

"உங்களை எடை போடறேனுங்க சார். நீங்க சொல்ல வேண்டாம். ஒரு நிமிஷம் கால உதைச்சு, ஒடம்பை அழுத்தி, கீழ எறங்கப் பாருங்க. முக்காலி தொட்டா போதும்."

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, உடம்பை அழுத்தாமலே, பெட்டியை எட்டிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தராசின் மேல் உட்கார்ந்திருந்தார் விஜயரங்கன். பெட்டியில் இருந்தது 0.0.

நீர்வீழ்ச்சிக்காரர் முதலில் கை தட்டினார், வேறு வழியில்லாமல். மற்றவர்களும் தட்டினார்கள். குனிந்து படம் எடுத்தார்கள். எண் தெரிகிறதா, எண் தெரிகிறதா என்று விஜயரங்கன் இருமுறை கேட்டார்.

"மேரி, எழுதிக்க. சைபர்."

"சைபருக்கு செட்டிங் பண்ண முடியாதுங்க சார். ஆள் இல்லாத கார்னு ஆயிடும்."

"செட்டிங்கே வேண்டாம்கறேன்." அவர் குரல் சங்கத்தின் கடைசி நாற்காலி வரை கேட்டது. "எனக்கு எதுக்குக் கார்? உக்காரக் கார் வேணும்கறவன் வெச்சுக்கட்டும். என்னை விட்டுட்டு டிரைவர் வீட்டுல போய் நின்ன தகரம்தானே? நாளைக்கு அமுக்கறதுக்குப் பதிலா அவனையே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

"வாயால சொன்னா செல்லாதுங்க சார்." பட்டறைக்காரர்களின் பையில் எப்போதும் இருக்கிற டிரான்ஸ்பர் படிவத்தை, வண்டியைப் பெயர் மாற்றுவதை, அவள் எடுத்தாள். பெயர் எழுத வேண்டிய இடங்களை நிதானமாக நிரப்பினாள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தாள், அட்டையோடும் பேனாவோடும் நீட்டினாள். "மூணு எடத்துல கையெழுத்து."

சுகந்தி, "ஏனுங்க, கொஞ்சம் யோசிச்சு," என்று ஆரம்பித்தார். சங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. விஜயரங்கன் மாலையை ஒதுக்கிவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவதைப் போட்டார். மூன்றாவதன் கீழே, வழக்கமாக இழுக்கிற கோட்டை இழுத்து, வழக்கமாக வைக்கிற இரண்டு புள்ளிகளை வைத்தார். இரண்டாவது புள்ளி வைத்ததும் கார் அவருடையதாக இல்லாமல் போனது. அவருடையதாக இல்லாத காரின் சீட்டில் அவர் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே அவர் கீழே வந்தார்.

மூன்று விரல் தூரம்தான். முக்காலி ஒருமுறை முனகியது. பெட்டியில் சிவப்பு எழுத்துகள் ஓடின, தயங்கின, ஒரு எண்ணில் நின்றன.

எதிர்ப்பக்க டீக்கடை மாஸ்டருக்கு எண்ணைப் பார்த்தால் சத்தமாகப் படித்துத்தான் பழக்கம். "நூத்தி நாலு புள்ளி ஆறு," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் தங்கள் வேட்டி நுனிகளைப் பார்த்தார்கள். ஒருவர் குடையை மடக்கினார். அவர் மடக்கியதும் மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கினார்கள். காவலர் வெள்ளை வட்டத்துக்குள் வந்து, "சார், இப்ப நீங்க உக்காந்துதான் இருக்கீங்க. எந்திரிங்க," என்றார். பின்னால், சுப்புராயன் சாவியைத் திருப்பாமலே, கார் ஸ்டார்ட் ஆனது.

சகாயமேரி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் தேடி, 71-ஐ ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில், பெட்டியைப் பார்த்து, 104.6 என்று எழுதினாள்.

விஜயரங்கன் முக்காலியிலிருந்து எழ முடியாமல் பார்த்தார். "காரே எனக்கில்ல. இனி உனக்கு எதுக்கும்மா அந்த நம்பர்?"

"எதுக்கும் இல்லீங்க சார்," என்றாள் சகாயமேரி. "தப்பா எழுதி வெச்சிருந்தேன்."